அசல் எது? – பழைய லொறிகளைப் புனரமைப்பது பற்றிச் சில குறிப்புகள்

லொறியைப் பற்றி எழுத ஓர் இலக்கியச் சஞ்சிகையில் என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பழையதொரு பொருளை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால் என்ன, எந்தப் பழைய நிலை, அதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்விகள் எம்மைப் போன்றவர்களுக்குப் புதியவையல்ல. விட்டுவந்த வீட்டையும் ஊரையும் நினைவில் ஓயாது திருத்திக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம். ஆகவே இங்கிலாந்தில் ஒரு சாரார் அறுபது வருடங்களுக்கு மேலாக லொறிகளை வைத்து நடத்திவரும் ஒரு வாதத்தைச் சற்று நின்று கவனிப்பது பயனுள்ளது என்றே கருதுகிறோம்.

1958இல் இங்கு பழைய வர்த்தக வாகனங்களுக்கென ஒரு கழகம் அமைக்கப்பட்டது. அதன் ஏற்பாட்டில் 1962இல் லண்டனிலிருந்து பிறைட்டனுக்கு முதலாவது லொறி ஓட்டம் நடந்தது. பின்னர் அது வருடந்தோறும் மே மாதத் தொடக்கத்தில் நடைபெறும் வழக்கமாயிற்று. கடற்கரை ஓரமாக உள்ள மடெய்ரா டிறைவ் வீதியில் வந்து வரிசையாக நிற்கும் லொறிகளை அருகிற் சென்று பார்த்தால் இரண்டு வகையினர் இருப்பது தெரியும். ஒரு வகை லொறி கண்ணாடிபோல் மின்னும். பித்தளையில் முகம் பார்க்கலாம். மற்ற வகையில் வர்ணம் மங்கி, மரத்தட்டில் வெடிப்புகள் தெரிய, மட்காட்டில் பழைய நெளிவுகள் அப்படியே இருக்கும். முதலாவதைச் சூழ்ந்து புகைப்படக்காரர்கள். இரண்டாவதைச் சூழ்ந்து வயதான சில மெக்கானிக்குகள். அப்படியொரு லொறியின் முன்கண்ணாடியில், எந்தெந்தப் பாகம் எந்த வருடம் மாற்றப்பட்டது என்று கையால் எழுதிய ஒரு மட்டை செருகப்பட்டிருந்ததைக் கண்டோம். இக்கட்டுரை அந்த மட்டையைப் பற்றியது என்றும் சொல்லலாம்.

இரு சாராரும் உச்சரிக்கும் சொல் ஒன்றே: அசல். ஆனால் லொறியின் வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சொல் அவ்வளவு இலகுவில் பிடிபடுவதில்லை.

முதலில், லொறி பிறக்கும்போதே முழுமையாகப் பிறப்பதில்லை. கார் தொழிற்சாலையிலிருந்து காராக வெளியே வரும். அந்தக் காலத்து லொறியோ பெரும்பாலும் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டமாக, எஞ்சினும் சில்லுகளும் ஸ்ரியறிங்கும் மட்டும் பூட்டியபடி வெளியே வந்தது. வாங்கியவர் அதை ஒரு தச்சுப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தனக்கு வேண்டிய உடலைக் கட்டுவித்துக்கொண்டார். நிலக்கரி வியாபாரிக்குத் தாழ்ந்த தட்டு. மா ஆலைக்காரருக்கு மூடிய பெட்டி. மதுவடிப்பவருக்குப் பீப்பாய் உருளாதபடி மரச்சட்டம். ஒரே அடிச்சட்டத்துக்கு இரண்டு உடல்கள் வைத்திருந்து வேலைக்கேற்ப மாற்றிப் பாவித்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பட்டறைகளில், இரண்டு தொழிலாளர் கூட்டத்தின் கைகளிற் பிறந்த பொருளுக்குத் தொழிற்சாலை அசல் என்று ஒன்றைத் தேடுவது தொடக்கத்திலேயே சிக்கலாகிவிடுகிறது.

அடுத்து வந்தது யுத்தம். லங்காஷயர் மாகாணத்தில் லேலண்ட் என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே 1896இல் நீராவி வாகனம் செய்யத் தொடங்கிய கம்பனிதான் 1907இல் லேலண்ட் மோட்டோர்ஸ் எனப் பெயர் மாறியது. 1914–1918 யுத்தத்தின்போது இந்தக் கம்பனி பிரித்தானியப் படைகளுக்கென 5,932 வாகனங்களைச் செய்து கொடுத்தது. பெரும்பாலானவை விமானப்படையின் பாவனைக்குச் சென்றமையால் அந்த மூன்று தொன் லொறிக்கு ‘ஆர்.ஏ.எவ். ரைப்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. ஆயிரக்கணக்கான லொறிகள் மிச்சமாகின. பழுதடைந்த இராணுவ லொறிகளை மலிவாக வாங்கி, ஒப்புக்குத் திருத்தி விற்பவர்கள் கிளம்பினார்கள். தனது பெயர் பொறித்த லொறிகள் தெருத்தெருவாகப் பழுதாகி நின்றால் தனது பெயரும் அவற்றோடு போய்விடும் என்று லேலண்ட் கம்பனி அஞ்சியது. அரசாங்கத்திடமிருந்து ஏறத்தாழ 3,000 லொறிகளை அதுவே திருப்பி வாங்கியது. லண்டனுக்குத் தென்மேற்கே கிங்ஸ்ரனுக்கு அருகில், ஹாம் என்ற இடத்தில், யுத்தகாலத்தில் விமானம் செய்த தொழிற்சாலை ஒன்றைப் பெற்று, அங்கே அவற்றைக் கழற்றிச் சுத்தமாக்கி, பாகம் பாகமாகப் பரிசோதித்து, மீண்டும் பூட்டி உத்தரவாதத்துடன் விற்றது. இதற்குச் செலவிட்ட பணம் கம்பனியைக் கடும் நெருக்கடியிற் தள்ளியது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு பெருந்தொகையான லொறிகள் ஒரே கூரையின் கீழ்க் கழற்றிப் பூட்டப்படும்போது, ஒன்றின் கியர்பெட்டி மற்றொன்றுக்கும், மற்றொன்றின் அச்சு வேறொன்றுக்கும் போய்ச் சேருவதைத் தவிர்க்க முடியாது. தவிர்க்க வேண்டிய தேவையும் அன்று யாருக்கும் இருக்கவில்லை. இன்று ஒரு ஆர்.ஏ.எவ். ரைப் லொறியைப் புனரமைப்பவர் எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பொருந்தவில்லையே என்று கவலைப்படுகிறார். அந்தப் பொருத்தத்தைத் தயாரித்த கம்பனியே 1920களில் குலைத்திருக்கலாம். அப்படியாயின் லொறி பொய்யாகிவிடுமா? ஹாமில் நடந்தது அதன் வரலாற்றிலேயே முக்கியமான சம்பவமல்லவா?

லேலண்டுக்கு மட்டுமான கதையல்ல இது. இன்று எம்மவர் பலருக்கு வேலைத்தலமாக அறிமுகமான சிலோ நகரின் பெரிய கைத்தொழிற்பேட்டையும் இப்படித்தான் தொடங்கியது. 1918இல் இராணுவ வாகனங்களைத் திருத்துவதற்கென அமைக்கப்பட்ட அந்த நிலம் 1920இல் தனியார் கம்பனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. அக்கம்பனி 1925 வரை படையினரின் வாகனங்களைத் திருத்தி விற்றது. பிறகே அந்தக் கொட்டகைகள் வேறு தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன.

இராணுவத்திலிருந்து விடுபட்ட லொறி குடிமக்களிடம் வந்தபின்னரும் அப்படியே இருக்கவில்லை. 1920களின் பிற்பகுதியிலிருந்து திண்ம றப்பர்ச் சில்லுகளைக் கழற்றிவிட்டுக் காற்றடைத்த ரயர் பூட்டினார்கள். மன்செஸ்ரர் பகுதியில் இயங்கிய கார்ட்னர் கம்பனி 1931இல் தனது புகழ்பெற்ற எல்.டபிள்யூ. டீசல் எஞ்சின்களை வெளியிட்டது. எரிபொருட் செலவு குறையும் என்று கண்ட முதலாளிமார் பெற்றோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு அதைப் பூட்டினார்கள். எஞ்சின் நீளமாக இருந்தால் முன்பக்கத்தை நீட்டினார்கள். நீராவி லொறிகள் சில, சாமான் ஏற்றும் வேலையை இழந்தபின், தெருவுக்குத் தார் தெளிக்கும் வண்டிகளாகித் தப்பிப் பிழைத்தன. இந்த மாற்றங்களைச் செய்தவர்கள் வரலாற்றைப் பற்றி யோசிக்கவில்லை. நாளைக்கு லொறி ஓட வேண்டும், கூலி வர வேண்டும். அவ்வளவே. ஆனால் அந்த மாற்றங்கள் இல்லாதிருந்தால் அந்த லொறிகளிற் பல பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். இன்று திருத்துவதற்கு எதுவும் எஞ்சியிருக்காது.

வர்ணத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1947இல் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டத்தின்படி தூர இடங்களுக்குச் சாமான் ஏற்றும் தொழில் தேசியமயமாக்கப்பட்டது. அப்பாவும் பிள்ளைகளுமாக நடத்திய சிறு கம்பனிகளின் லொறிகள் பிரித்தானிய வீதிச் சேவை என்ற அரச நிறுவனத்துக்குப் போயின. கதவில் தங்க எழுத்தில் இருந்த குடும்பப் பெயரின் மேல் அரசாங்கத்தின் சிவப்பு பூசப்பட்டது. 1953இல் வேறொரு அரசாங்கம் வேறொரு சட்டம் கொண்டுவந்து லொறிகளைத் திருப்பி விற்கத் தொடங்கியது. சிவப்பின் மேல் புதிய முதலாளியின் நிறம் ஏறியது. இப்படிப்பட்ட லொறியின் கதவை ஈர உப்புத்தாளால் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் வருட வளையங்கள்போல ஒன்றன் கீழ் ஒன்றாக நிறங்கள் தெரியவரும். எந்த வளையத்தில் நிறுத்துவது? குடும்பத்தின் பெயரிலா, அரசாங்கத்தின் சிவப்பிலா, கடைசியாக வாங்கியவரின் நிறத்திலா? தேய்த்த இடத்தை அப்படியே விட்டு மேலே வார்னிஷ் பூசுபவர்களும் உண்டு. எல்லாவற்றையும் இரும்பு தெரியும்வரை உரித்தெறிந்துவிட்டு, இரண்டு இரசாயனங்களைக் கலந்து விசிறும் நவீன பூச்சைப் பூசி, ஸ்ரிக்கரில் வெட்டிய எழுத்தை ஒட்டுபவர்களும் உண்டு. பின்னவர்களின் லொறி மிக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றுகூட அப்படி மின்னியிருக்காது. அன்று தூரிகையால் பூச்சின் மேல் பூச்சாகப் பூசி, வார்னிஷ் அடித்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தூரிகையின் கோடு தெரியும். தொழிலாளியின் கை தெரியும்.

பழைய புகைப்படத்தைப் பார்த்து நிறம் தீர்மானிக்கலாம் என்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுகள் பல சிவப்பு ஒளியை உணராதவை. படத்தில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். கரிய லொறி என்று நாம் நம்புவது உண்மையில் செக்கச்சிவந்த லொறியாக இருந்திருக்கலாம். சாட்சிக்கும் கண்பார்வைக் குறைபாடு இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றுண்டு. வாழ்நாள் முழுவதும் நிலக்கரி ஏற்றிய லொறிக்கு, பார்ப்பதற்கு அழகு என்று, பேர்போன ஒரு மதுக் கம்பனியின் நிறத்தையும் பெயரையும் எழுதிவிடுவார்கள். பலகை, ஆணி, எழுத்து எல்லாமே அந்தக் காலத்து முறைப்படி மிகத் திருத்தமாக இருக்கும். ஆனால் சொல்லும் கதை முழுப்பொய். நிலக்கரி மூட்டை சுமந்தவர்களின் ஒரேயொரு நினைவுச்சின்னம் அதோடு அழிந்துபோகும்.

இனி பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் அன்று ஒரே அடிச்சட்ட வம்சம்தான். லண்டன் போக்குவரத்துச் சபை 1950களில் அல்டன்ஹாம் என்ற இடத்தில் பிரமாண்டமான திருத்தகம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. அங்கே திருத்தத்துக்குப் போகும் ஆர்.ரி. வகைப் பஸ்ஸின் உடலையும் அடிச்சட்டத்தையும் தனித்தனியே பிரித்துவிடுவார்கள். எல்லாம் ஒரே அளவில் செய்யப்பட்டவை. ஆகவே எந்த உடலும் எந்த அடிச்சட்டத்திலும் உட்காரும். வரி கட்டிய பஸ் சும்மா நிற்கக்கூடாது என்பதற்காக, உள்ளே போன பஸ்ஸின் இலக்கத்தை உடனேயே திருத்தி முடிந்த வேறொரு பஸ்ஸுக்குப் பூட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். இலக்கம் ஒன்று, உடல் வேறு, அடிச்சட்டம் வேறு. இப்படி இலக்கம் மாறி மாறி வந்த இரட்டைத்தட்டுப் பஸ்கள் நூற்றுக்கணக்கில் 1950களின் இறுதியிலும் 1960களிலும் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு விற்கப்பட்டன. எமது நாட்டுத் தெருக்களில் அவற்றில் ஏறிப்போன தலைமுறையினர் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பஸ்களில் ஒன்றைக் காட்டி, இதுதான் இன்ன வருடம் லண்டனில் இன்ன பாதையில் ஓடியது என்று எவராலும் இலகுவில் சத்தியம் செய்துவிட முடியாது.

அப்படியானால் அசல் என்று ஒன்றுமே இல்லையா? எதையும் எப்படியும் செய்யலாமா? இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. 1929, 1930 ஆகிய இரு வருடங்களும் லு மான் ஓட்டப்போட்டியில் வென்ற ‘ஓல்ட் நம்பர் வன்’ என்ற பென்ற்லி காரை 10 மில்லியன் பவுணுக்கு வாங்க இணங்கியவர்கள், இது அந்தக் கார் அல்ல, பாகங்கள் எல்லாம் மாறிவிட்டன என்று பின்வாங்கினார்கள். 1990இல் தீர்ப்பளித்த நீதிபதி ஒற்றன் இரண்டு விடயங்களை வேறுபடுத்தினார். கார் 1929இல் இருந்த அசல் நிலையில் இல்லை என்பது உண்மை. ஆனால் அது ஒருபோதும் மறைந்துபோய் மீண்டும் உருவாக்கப்பட்டதல்ல. ஓடி, உடைந்து, திருத்தி, மாறி, இடையறாத வாழ்வோடு வந்திருக்கிறது. ஆகவே அது அதுவேதான். வாங்க இணங்கியவர்கள் தோற்றார்கள்.

வாகனப் பதிவு அதிகாரிகளும் தமக்கென ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பெரிதாக மாற்றப்பட்ட வாகனம் தனது பழைய பதிவு இலக்கத்தை வைத்திருக்க வேண்டுமானால் எட்டுப் புள்ளிகள் தேவை என்பது நீண்ட காலம் இங்கு நடைமுறையில் இருந்த விதி. அடிச்சட்டத்துக்கு 5, அச்சுகளுக்கு 2, கியர்பெட்டிக்கு 2, ஸ்ரியறிங்குக்கு 2, வில்தொகுதிக்கு 2. எஞ்சினுக்கு 1 மட்டுமே. இதயம் என்று நாம் நினைப்பதற்கு மிகக் குறைந்த புள்ளி. புள்ளி போதாவிட்டால் வயதும் பிறப்பும் நிச்சயமில்லாத வாகனம் என்று ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் இலக்கம். கடதாசி இல்லாமல் வந்து, பிறந்த திகதியை அதிகாரி தீர்மானிக்கக் காத்திருந்த எம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் 1964இல் வெனிஸ் சாசனம் என்ற ஒன்றை எழுதினார்கள். அதைப் பின்பற்றிப் பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இல் தூரின் சாசனத்தை வெளியிட்டது. அவை சொல்வதன் சாரம் எளிது. இருப்பதைக் காப்பது முதல் வேலை. திருத்துவது அதற்கு அடுத்தது. புதிதாகச் சேர்ப்பதைப் புதிதென்று தெரியும்படி அடையாளமிடு. செய்ததை எழுதிவை.

நடைமுறைக்கும் இதுவே பொருந்துகிறது. பழைய பிறேக் உராய்வுப் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. 1999இல் அது பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது. அசல் வேண்டும் என்று அதைத் தேடிப் பூட்டுவது மடமை மட்டுமல்ல, குற்றமும்கூட. ஈயம் கலந்த பெற்றோலின் பொது விற்பனை 2000ஆம் ஆண்டுடன் நின்றது. ஆகவே வால்வின் இருக்கைகளை உறுதியான உலோகத்தில் மாற்ற வேண்டி வந்தது. இப்படி மாற்றுவதில் பொய் ஏதுமில்லை. மாற்றவேயில்லை என்று மறைப்பதில்தான் பொய் தொடங்குகிறது.

எமது கோயில்களை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாலஸ்தாபனம் செய்து, திருத்தி, வர்ணம் தீட்டிக் கும்பாபிஷேகம் செய்கிறோம். தேரின் உக்கிய மரத்தை மாற்றுகிறோம். தேர் அதே தேர்தான் என்பதில் எவருக்கும் ஐயம் வந்ததில்லை. தொடர்ச்சியில் நம்பிக்கை கொண்ட மரபு அது. ஆனால் அதே கையோடு, பழைய கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசியதும் உபயகாரரின் பெயரைப் புதிதாகப் பொறித்ததும் நாமேதான். தொடர்ச்சி மட்டும் போதாது, குறிப்பும் வேண்டும் என்பதை நாம் கற்றுக்கொண்டதில்லை.

இனி எம்மைச் சற்றே நேராகத் தொடும் விடயத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் நாம் ‘ஏ போட்டி’ என்று அழைத்த ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் பழைய லொறிகளும் இங்கிலாந்தில் மறக்கப்பட்டு நெடுங்காலத்தின் பின்னரும் ஓடிக்கொண்டிருந்தன. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கி, பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது எமது மெக்கானிக்குகள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் வராதபோது கிடைத்த இரும்பில் கடைந்து பூட்டினார்கள். பிரசவத்துக்குப் போனவர்களையும் காயப்பட்டவர்களையும் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டுப் புறப்பட்டவர்களின் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தவை, சைக்கிள்களோடும் உழவு இயந்திரங்களோடும் சேர்த்து, இந்த வாகனங்கள்தாம்.

அவற்றில் ஒன்று இன்று இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து, புனரமைக்கும் ஒருவரின் கைக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அவர் திறமைசாலி, நேர்மையானவரும்கூட. தொழிற்சாலை ஏடுகளை வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய்க்காகப் பூட்டிய குழாயைக் கழற்றுவார். ஊர்ப் பட்டறையில் கடைந்த பாகத்தை ஒதுக்கிவிட்டுக் கம்பனியின் பாகத்தைத் தேடிப் பூட்டுவார். ரின் தகட்டால் ஒட்டுப்போட்ட இடத்தை வெட்டியெடுப்பார். முடிவில் 1950இல் பேர்மிங்காம் அருகே தொழிற்சாலை வாசலில் நின்ற அதே கார் கிடைத்துவிடும். யாழ்ப்பாணம் அதில் இருக்காது. அசல் என்பதைத் தயாரித்தவனின் முதல் நாள் என்று மட்டும் வரையறுத்தால், அதை ஓட்டியவனுக்கும் திருத்தியவனுக்கும் அந்தப் பொருளின் வரலாற்றில் இடமில்லாமற் போகிறது. லேலண்ட் லொறியிலிருந்து ஹாம் தொழிலாளியை நீக்குவதும், கதவிலிருந்து சிவப்பு நிறத்தை நீக்குவதும் இதே வேலைதான்.

மறுபக்கமும் உண்டு. இங்கே ஒன்றுகூடல்களில் நாம் மேடையேற்றும் ஊர், நாம் எழுதும் ஊர், பெரும்பாலும் புதுப் பூச்சு விசிறிய லொறிதான். கிணற்றடியும் வேப்பமரமும் அளவு பிசகாமல் இருக்கின்றன. யாரைக் கிணற்றடிக்கு விடவில்லை என்பது பூச்சின் கீழே போய்விட்டது. சாதி, சண்டை, நாம் செய்த பிழைகள் எல்லாம் இரும்பு தெரியும்வரை உரிக்கப்பட்டுவிட்டன. ஊரைத் திருத்திக் கட்டக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. நினைவு என்பதே திருத்தி ஓட்டுகிற வாகனம். எதைக் கழற்றினோம், எதைப் புதிதாகப் பூட்டினோம் என்று எழுதிவைப்பதுதான் கேள்வி.

அந்த ‘ஏ போட்டி’ எப்போதாவது பிறைட்டன் கடற்கரையில் வந்து நிற்குமானால், மண்ணெண்ணெய்க் குழாயோடும் ஒட்டுத் தகட்டோடும் நிற்கவேண்டும் என்பதே எமது விருப்பம். முன்கண்ணாடியில் கையெழுத்தில் ஒரு மட்டையும் இருக்கட்டும். தமிழிலும் எழுதப்பட்டதாக.